ஜூனில் பாலைவனம்: ஒரு தண்ணீர்க் கணக்கின் கதை

போன மாதம் கல்லூரி நண்பன் ஒருவன் அரிசோனாவிலிருந்து போன் பண்ணினான். "ஜூன் முதல் வாரம் லீவு கிடைச்சிருக்குடா. பையை மாட்டிக்கிட்டு பாலைவனத்துல மூணு நாள் நடக்கப்போறோம், நீயும் வா. கோடை அப்பத்தானே ஆரம்பிக்குது, ஆகஸ்ட் மாதிரி கொளுத்தாது" என்றான். எவ்வளவு தண்ணீர் தூக்க வேண்டும் என்று கணக்குப் போடும் வேலை என் தலையில் விழுந்தது. அந்தக் கணக்கு என்னை 1905-க்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

தெற்கு அரிசோனாவில், மெக்சிகோ எல்லையை ஒட்டி ஒரு பழைய வழி இருக்கிறது. பெயர் காமினோ தெல் தியாப்லோ, அதாவது பிசாசின் பாதை. 1849-க்குப் பிறகு கலிஃபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போனவர்களில் பலர் இந்த வழியில்தான் தாகத்தால் செத்தார்கள். வழியில் நம்பக்கூடிய தண்ணீர் என்றால் தினாஹாஸ் ஆல்தாஸ் என்ற மலையில் உள்ள பாறைக் குழிகள்தான். மழைநீர் தேங்கும் சுனைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1905 ஆகஸ்டில் அந்தச் சுனைக்குப் பக்கத்தில் டபிள்யூ. ஜே. மெக்கீ என்ற ஆய்வாளர் முகாம் போட்டிருந்தார். 23-ஆம் தேதி விடியற்காலையில் மாடு கத்துவதுபோல ஒரு சத்தம் கேட்டு எழுந்தார். போய்ப் பார்த்தால் மாடு இல்லை, மனிதன். பாப்லோ வலென்சியா. சில நாள் முன்பு அதே முகாம் வழியாகச் சுரங்கம் தேடிப் போன ஆள். குதிரைகளோடு தண்ணீர் எடுக்கத் திரும்பிய கூட்டாளியும் இவரும் மறுபடி சந்திக்கவே இல்லை. ஒரு நாளைக்கான தண்ணீரோடு ஏறக்குறைய ஏழு நாள் பாலைவனத்தில் கிடந்திருக்கிறார். உடல் எடையில் சுமார் கால்வாசி போயிருந்தது. உதடு சுருங்கி மறைந்திருந்தது. தோலில் இருந்த வெட்டுக்காயங்களிலிருந்து ரத்தம்கூட வரவில்லை. தண்ணீர் ஊற்றி ஊற்றித்தான் ஆளை மீட்டார்கள். பிழைத்துக்கொண்டார்.

மெக்கீ இதை 1906-இல் ஒரு மருத்துவ இதழில் கட்டுரையாக எழுதினார். தாகத்தை ஒரு நோயைப்போலக் கட்டம் கட்டமாக விவரித்த கட்டுரை அது. ஆனால் ஒரு மனிதனுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. அதற்கு ஒரு போர் வரவேண்டியிருந்தது.

1942-இல் அமெரிக்க ராணுவம் வட ஆப்பிரிக்கச் சண்டைக்காகக் கலிஃபோர்னியப் பாலைவனத்தில் வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. குறைந்த தண்ணீரில் சமாளிக்க உடம்பைப் பழக்கிவிடலாம் என்று அப்போது அதிகாரிகள் பலர் நம்பினார்கள். நம்ம ஊரிலும் "தண்ணி குடிச்சா இன்னும் வேர்க்கும்"னு சொல்றவங்க இருக்காங்க இல்லையா, அந்த மாதிரி. ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் அடால்ஃப் குழு அந்த வெயிலிலேயே போய் மனிதர்களை நடக்கவிட்டு, எடை பார்த்து, வியர்வையை அளந்தது. முடிவுகள் 1947-இல் புத்தகமாக வந்தன.

நம்பிக்கை உடைந்துபோனது. குடிக்காமல் இருந்தால் வியர்வை குறைவதில்லை. உடம்பு வெயிலைப் பார்த்து வேர்க்கிறது, குடுவையைப் பார்த்து இல்லை. வெயில் பழகிய உடம்பு இன்னும் சீக்கிரமாக, இன்னும் அதிகமாக வேர்க்கும். உப்பை மட்டும் கொஞ்சம் சேமிக்கும். அதாவது பழகினவனுக்குத் தண்ணீர் கூடத்தான் வேண்டும். இன்னொன்று: கையில் தாராளமாகத் தண்ணீர் இருந்தும், நடக்கிறவர்கள் இழந்த அளவுக்குக் குடிக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அந்தப் பாக்கியைக் குடித்து முடித்தார்கள். சட்டையைக் கழற்றினால் குளிரும் என்பதும் தப்பு. வெயிலில் உடுத்தியிருந்தவர்கள்தான் குறைவாக வேர்த்தார்கள்.

சரி, நண்பனின் கணக்குக்கு வருவோம்.

கடும் வெயிலில் நடந்தால் மணிக்குச் சுமார் 1 லிட்டர் வியர்வை போகும். ஒரு நாளைக்கு 6 மணி நேர நடைக்கு 6 லிட்டர். உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கும் சமையலுக்கும் இன்னொரு 3 என்று வைத்தேன். மூணு நாளுக்கு 27 லிட்டர், அதாவது 27 கிலோ. பை, கூடாரம், சாப்பாடு 10 கிலோ. மொத்தம் 37. அவன் எடையில் பாதிக்கும் மேல்! அதைத் தூக்கிக்கொண்டு நடந்தால் இன்னும் வேர்க்கும், இன்னும் தண்ணீர் வேண்டும். கணக்கு தன் வாலையே கடிக்கிறது. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனாலும் ரத்தத்தில் சோடியம் இறங்கி ஆபத்துதான், அதனால் உப்புள்ள சாப்பாடும் சேர்ந்து போகவேண்டும்.

வழியில் தண்ணீர் கிடைக்காதா? இங்கேதான் ஜூன் சதி செய்கிறது. அந்தப் பாலைவனத்தில் குளிர்கால மழை ஒன்று, ஜூலை வாக்கில் தொடங்கும் பருவமழை ஒன்று. இரண்டுக்கும் நடுவில் மே, ஜூன் ரெண்டும் வறட்சிக் காலம். சுனைகள் மிகவும் வற்றியிருக்கும் நேரம். வருடத்தின் நீளமான பகலும் அப்போதுதான். ஃபீனிக்ஸ் நகரின் உச்சபட்ச வெப்பமான 50 டிகிரி பதிவானது 1990 ஜூன் 26-இல், ஆகஸ்டில் இல்லை. உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். ஏசி அறையிலிருந்து எழுந்து நேராகப் போகிறவனுக்கு அதுவும் கிடையாது.

"கோடை அப்பத்தானே ஆரம்பிக்குது" என்றானே, ஆபத்தே அந்த ஆரம்பத்தில்தான்.

இதையெல்லாம் அனுப்பினேன். "ராத்திரியில நடந்தா?" என்று கேட்டான். வியர்வை குறையும், உண்மைதான். ஆனால் பகலில் நிழலில் சும்மா படுத்திருந்தாலும் செலவு நிற்காது. அடால்ஃப் குழுவின் கணக்குப்படி, பகல் உச்சம் 49 டிகிரியைத் தொடும் இடத்தில் தண்ணீரே இல்லாமல் நிழலில் அசையாமல் கிடந்தால் சுமார் 2 நாள் உயிர் தாங்கும். கையில் 9.5 லிட்டர் இருந்தால்? சுமார் 3 நாள். அவ்வளவு தண்ணீர் வாங்கித் தருவது ஒரே ஒரு நாளை.

அந்த வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பயணத்தை நவம்பருக்குத் தள்ளியிருக்கிறோம். அப்போதும் முதல் நாளே ஜீப்பில் போய், பாதையில் இரண்டு இடத்தில் தண்ணீர் கேன் வைத்துவிட்டுத்தான் நடக்கப்போகிறோம்.