ஆல்புமின் பாட்டிலின் கதை

புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சு வழிப் படிப்பு, பிற்காலத்தில் அரசு அலுவலகத்தில் கோப்பு புரட்டும் வேலைக்குப் பெரிதாக உதவியதில்லை. சில சொற்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொள்ள மட்டும் உதவியது. ‘சிரோசிஸ்’ அப்படி ஒரு சொல். ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த லாயென்னக் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1819இல் வெளியிட்ட நூலில், சுருங்கிக் கட்டி கட்டியாகிப் போன கல்லீரலுக்கு ‘சிர்ரோஸ்’ என்று பெயர் வைத்தார். பழுப்பு மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. பாவம், அவர் காசநோயில் 45 வயதிலேயே போய்விட்டார்.

பெயர் வைத்தாரே தவிர, மருந்து எதுவும் அப்போது கிடையாது. வயிறு பானை போல வீங்கினால் ஊசி குத்தி நீரை எடுப்பார்கள். அது பழங்காலத்திலிருந்தே இருந்த முறை. நம் ஊர்ப் பெரியவர்கள் மகோதரம் என்று சொல்லிக் கையை விரித்ததும் இந்த வீக்கத்தைப் பார்த்துத்தான்.

இன்று இந்த நோயாளியின் கட்டிலருகே தொங்கும் மஞ்சள் நிறப் பாட்டில் ஆல்புமின். அது கல்லீரல் நோய்க்காகப் பிறந்ததல்ல, போருக்காகப் பிறந்தது. 1940 வாக்கில் அமெரிக்க ராணுவத்துக்கு ஒரு சிக்கல். காயம்பட்டு ரத்தம் இழந்த சிப்பாய்க்குப் போர்க்களத்திலேயே ஏற்ற, கெடாத, சுமக்க எளிதான ஒன்று வேண்டும். ஹார்வர்டில் இருந்த எட்வின் கோன் என்ற வேதியியல் பேராசிரியர் ரத்தத் திரவத்தைக் குளிர வைத்து, ஆல்கஹாலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, அதிலுள்ள புரதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். ஐந்தாவதாகப் பிரிந்ததில்தான் ஆல்புமின் இருந்தது. 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியபோது தீக்காயம் பட்டவர்களுக்கு அது ஏற்றப்பட்டது. மனிதர்களுக்குக் கொடுத்த ஆரம்ப கால அனுபவங்களில் அது ஒன்று. குடி கெடுத்த கல்லீரலுக்குக் கொடுக்கும் மருந்தையே ஆல்கஹால் ஊற்றித்தான் பிரிக்கிறார்கள் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

இன்னொரு விஷயமும் உண்டு. பலருடைய ரத்தத் திரவத்தைக் கலந்து ஏற்றியதால் அந்தப் போரில் நிறையப் பேருக்கு மஞ்சள் காமாலை தொற்றியது. ஆல்புமினை மட்டும் 60 டிகிரியில் 10 மணி நேரம் சூடாக்கிக் கிருமியைக் கொல்ல முடிந்தது. பாலைச் சூடாக்க நம் பாஸ்தேர் (தமிழில் பாஸ்டர் என்று எழுதுகிறோம்) காட்டிய வழிதான். ‘நம்’ என்று கை தானாக எழுதிவிட்டது, பழைய பள்ளிக்கூடப் பழக்கம்! பிறகு பிரான்ஸில் மெரியே நிறுவனம் பிரசவத்துக்குப் பின் வெளியேறும் நஞ்சுக்கொடியிலிருந்தும் ஆல்புமின் எடுத்தது. எய்ட்ஸ் முதலிய நோய்களின் பயம் வந்தபின் 1990களில் அது நின்றுபோனது.

கல்லீரலுக்கு வருவோம். நல்ல கல்லீரல் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து கிராம் ஆல்புமின் செய்கிறது. ரத்தக் குழாய்க்குள் தண்ணீரைப் பிடித்து வைப்பது அதன் முக்கிய வேலை. கல்லீரல் சுருங்கினால் உற்பத்தி குறைகிறது. குடலிலிருந்து கல்லீரலுக்கு வரும் குழாயில் அழுத்தமும் ஏறுகிறது. இரண்டும் சேர்ந்து வயிற்றில் நீர் கோர்க்கிறது. இதைப் பார்த்து 1940களிலேயே பாஸ்டனில் சிரோசிஸ்காரர்களுக்கு ஆல்புமின் ஏற்றிப் பார்த்தார்கள். சிலருக்கு வீக்கம் வடிந்தது, எல்லோருக்கும் இல்லை. விலையும் அதிகம். பிறகு சிறுநீர் பிரிய வைக்கும் நல்ல மாத்திரைகள் வந்ததும் ஊசி குத்துவதும் ஆல்புமினும் பின்னுக்குப் போயின.

திரும்பக் கொண்டுவந்தவர்கள் ஸ்பெயின்காரர்கள். பார்சிலோனாவில் அரோயோ, ஹினேஸ் முதலியோர், நீரை ஒரேயடியாக எடுத்தால் என்ன ஆகும் என்று முறையாகச் சோதித்தார்கள். 1988இல் வெளிவந்த ஆய்வில் 105 நோயாளிகள். எல்லோருக்கும் நீர் எடுத்து, பாதிப் பேருக்கு மட்டும் ஆல்புமின் ஏற்றினார்கள். ஏற்றாதவர்களிடம் சிறுநீரகக் கோளாறும் ரத்தத்தில் சோடியம் இறங்குவதும் அதிகமாக இருந்தன. 1999இல் அதே ஊர்க்காரர்கள் முன்னின்று, வயிற்று நீரில் கிருமி தொற்றிய 126 பேரிடம் இன்னொரு ஆய்வு செய்தார்கள். வெறும் ஆன்டிபயாடிக் கொடுத்தவர்களில் 29 சதவீதம் பேர் ஆஸ்பத்திரியிலேயே இறந்தார்கள். ஆல்புமினும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 10 சதவீதம். இவ்வளவு தெளிவான வித்தியாசம் மருத்துவத்தில் அடிக்கடி கிடைப்பதில்லை என்பது என் எண்ணம்.

என் மச்சினன் சோமனூரில் கூலிக்குத் தறி ஓட்டியவன். அவன் படுத்த வருடத்தில்தான் இதையெல்லாம் தேடிப் படித்தேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆறு லிட்டர் எடுப்பார்கள். “ஏனுங்கண்ணா, தண்ணியத்தான் எடுத்தாச்சே, இந்தப் பாட்டலு எதுக்குங்க?” என்று அவன் மனைவி கேட்டாள். பாட்டிலுக்குச் சில ஆயிரம் ரூபாய். இரண்டு தறிகளை விற்ற காசு கரைந்துகொண்டிருந்தது. பில் சரிபார்த்துப் பழகிய ஆள் நான். காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஐந்து லிட்டருக்கு மேல் எடுத்தால், எடுத்த ஒவ்வொரு லிட்டருக்கும் எட்டு கிராம் வரை என்பது மருத்துவர்கள் பின்பற்றும் அளவு. ஆறு லிட்டருக்கு 48 கிராம். 20 சதவீத ஆல்புமின் 100 மில்லி பாட்டிலில் 20 கிராம். ஆக, இரண்டரைப் பாட்டில். டாக்டர் எழுதியதும் அதே அளவுதான். “அப்ப சரிங்கண்ணா” என்று வாங்கப் போனாள். பக்கத்து வீட்டுக்காரர், “முட்டை வெள்ளைக்கருவும் ஆல்புமின்தானே, தினம் ஆறு கொடுங்க” என்றார். முட்டை நல்லதுதான், டாக்டரும் சாப்பிடச் சொன்னார். ஆனால் அது வேறு புரதம். வயிற்றில் செரித்துப் போகுமே தவிர, பாட்டிலின் வேலையைச் செய்யாது.

இந்த விலைதான் நம் நாட்டு மருத்துவர்களையும் யோசிக்க வைத்திருக்கிறது. சண்டிகரில் உள்ள மத்திய அரசின் பிஜிஐ ஆஸ்பத்திரியில் வீரேந்திர சிங் குழுவினர் 2006 முதல் சில ஆய்வுகள் வெளியிட்டார்கள். நீர் எடுத்தபின் ஆல்புமினுக்குப் பதில் ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்து கொடுத்தால் போதாதா என்பது கேள்வி. அதில் ஒன்று மிடோட்ரின், சாதாரண மாத்திரை. முடிவு நம்பிக்கையாகவே இருந்தது. ஆனால் ஓர் ஆய்வுக்கு நாற்பது பேர் அளவில்தான். வெளிநாட்டில் செய்தவர்களுக்கு அதே பலன் கிடைக்கவில்லை. வழிகாட்டு நெறிகளில் ஆல்புமின் அப்படியே நிற்கிறது.

சரி, நல்ல மருந்து என்றால் எல்லோருக்கும் எப்போதும் ஏற்றலாமா? இத்தாலியில் வீட்டிலிருந்து வந்துபோகும் நோயாளிகளுக்கு வாரம் 40 கிராம் வீதம் ஒன்றரை வருடம் கொடுத்தார்கள். 2018இல் வந்த முடிவின்படி, கொடுத்தவர்களில் 77 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், கொடுக்காதவர்களில் 66. உடனே உற்சாகம். 2021இல் பிரிட்டனிலிருந்து வேறு செய்தி வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்ந்த 777 பேரில் ஒரு பாதிக்கு, ரத்தப் பரிசோதனை எண் 3ஐத் தொடும்வரை தினமும் ஏற்றிப் பார்த்தார்கள். ஒரு பலனும் இல்லை. நுரையீரலில் நீர் கோர்த்தவர்கள்தான் கூடினார்கள். ரிப்போர்ட்டில் எண் குறைவாக இருக்கிறதே என்று மட்டும் பாட்டில் கேட்கும் குடும்பங்களை இங்கே நானே பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இந்த ஆய்வைத்தான் சொல்வேன்.

டெல்லியில் கல்லீரலுக்கென்றே உள்ள ஐஎல்பிஎஸ் ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான். கிருமித் தொற்றால் ரத்த அழுத்தம் இறங்கிய 308 சிரோசிஸ் நோயாளிகளில் ஒரு பாதிக்கு 5 சதவீத ஆல்புமின், மறு பாதிக்கு சாதாரண சலைன். ஒரு வாரம் கழித்துப் பிழைத்திருந்தவர்கள் 43.5 சதவீதம், 38.3 சதவீதம். ஆல்புமினுக்குக் கொஞ்சம் சாதகம். அடுத்து 100 பேரிடம் 20 சதவீத ஆல்புமினை விலை குறைந்த இன்னொரு திரவத்தோடு ஒப்பிட்டார்கள். அழுத்தம் சீக்கிரம் ஏறியது, ஆனால் மூச்சுத் திணறலால் பலருக்கு நிறுத்த வேண்டி வந்தது. 28 நாள் கழித்து எண்ணிப் பார்த்தால் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே கணக்கு.