கார்டெக்ட்: அட்டவணை இல்லாத அலைவரிசைகள்

1990களின் தொடக்கத்தில் இந்தியாவில் புதிதாக ஒரு தொலைபேசி இணைப்புக் கொடுக்க ஏறத்தாழ 30,000 ரூபாய் செலவானது. அதில் கணிசமான பங்கு, எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடுவரை புதைக்கும் செம்புக் கம்பிக்கே போயிற்று. கம்பிக்குப் பதில் வானலையைப் பயன்படுத்தி இந்தச் செலவை மூன்றில் ஒரு பங்காக்க முடியுமா என்று சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெநெட் குழு முயன்றது. மைடாஸ் கம்யூனிகேஷன், அனலாக் டிவைசஸ் நிறுவனங்களுடன் சேர்ந்து 1990களின் பிற்பகுதியில் அது உருவாக்கிய அமைப்புதான் கார்டெக்ட். பேச்சும் இணையமும் ஒரே இணைப்பில் ஒரே நேரத்தில் வந்தன. இணைய வேகம் விநாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட்.

அக்காலத்தில் கம்பியில்லா வலை ஒன்றை அமைப்பதில் மிகக் கடினமான வேலை அலைவரிசைத் திட்டமிடல். ஜி.எஸ்.எம். வலையில் அடுத்தடுத்த இரண்டு பேஸ் ஸ்டேஷன்கள் ஒரே அலைவரிசையில் ஒலிபரப்பினால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். ஆகவே எந்த டவருக்கு எந்த அலைவரிசை, அதே அலைவரிசையை எத்தனை டவர் தள்ளி மறுபடி கொடுக்கலாம், யாருக்கு யார் அண்டை என்றெல்லாம் பொறியாளர்கள் அட்டவணை போட்டார்கள். புதிதாக ஒரு டவர் எழும்பினால், சுற்றியுள்ள டவர்களின் அட்டவணையும் மாறும். பிறகு வண்டியில் கருவியோடு ஊரைச் சுற்றி சிக்னலை அளந்து, அட்டவணையைத் திருத்தவும் வேண்டும்.

கார்டெக்ட்டின் அடிப்படையான டெக்ட், வீடுகளிலும் அலுவலகங்களிலும் கம்பியில்லாமல் பேசுவதற்காக ஐரோப்பாவில் வகுக்கப்பட்ட தரம். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கடையில் வாங்கிவந்து மாட்டும் கருவிகளுக்கு யாரும் அட்டவணை போட்டுக் கொடுக்க முடியாது. எனவே தடத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு கருவிக்கே விடப்பட்டது. 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் 10 அலைவரிசைகள். ஒவ்வொன்றிலும் 10 மில்லிவிநாடி நேரம் 24 துண்டுகளாகப் பிரிந்திருக்கும். 12 துண்டுகள் போவதற்கு, 12 வருவதற்கு. போவதில் ஒன்றும் வருவதில் ஒன்றும் சேர்ந்தது ஒரு தடம்; ஆக மொத்தம் 120 தடங்கள். சந்தாதாரர் வீட்டிலுள்ள வால்செட் இவற்றின் இரைச்சலை அளந்து, அமைதியாக இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். பேச்சின் நடுவே அந்தத் தடம் கெட்டால் வேறொன்றுக்கு மாறிவிடும், பேசுபவருக்குத் தெரியாது. இந்த முறையால், கார்டெக்ட் வலையில் புது பேஸ் ஸ்டேஷனைப் பொருத்துபவர் அலைவரிசை எதையும் ஒதுக்க வேண்டியிருக்கவில்லை.

பேஸ் ஸ்டேஷனும் சிறியதுதான். அதற்குத் தனி மின் இணைப்புத் தேவையில்லை. கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து வரும் மூன்று ஜோடிக் கம்பிகளிலேயே மின்சாரமும் தகவலும் வந்தன. ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி 20 பேஸ் ஸ்டேஷன்களையும் 1,000 சந்தாதாரர்களையும் தாங்கியது.

ஆனால் தூரம் இடித்தது. டெக்ட்டில் ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் 52 மைக்ரோவிநாடிதான் இடைவெளி. ரேடியோ அலை 5 கி.மீ. போய்த் திரும்ப 33 மைக்ரோவிநாடி ஆகும், 10 கி.மீ. என்றால் 67. தொலைவிலிருந்து வரும் சிக்னல் தாமதமாகி, அடுத்தவரின் துண்டில் போய் விழும். வால்செட் தன் தூரத்துக்கு ஏற்ப முன்கூட்டியே அனுப்பத் தொடங்கும்படி செய்து இதைச் சரிக்கட்டினார்கள். எல்லை 10 கி.மீ. ஆயிற்று. அதற்கும் அப்பாலுள்ள கிராமங்களுக்கு, சிக்னலை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் ரிலே பேஸ் ஸ்டேஷன் 25 கி.மீ. வரை கைகொடுத்தது.

அமைப்பவருக்கு மிஞ்சிய வேலை கூரைமேல்தான் இருந்தது. டவரும் வீட்டு ஆன்டெனாவும் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும்; இடையில் தோப்போ கட்டடமோ வந்தால் கம்பத்தை உயர்த்த வேண்டும், அல்லது திருப்ப வேண்டும்.

டெநெட் குழுவிலிருந்து பிறந்த என்-லோக் நிறுவனம், 2000களின் தொடக்கத்தில் இந்த இணைப்பை வைத்துக் கிராமங்களில் இணைய மையங்களைத் திறந்தது. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் ஹார்வர்ட், எம்.ஐ.டி. பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்திய ‘சாரி’ திட்டம் இவற்றில் பெயர்பெற்றது. அங்கே மையத்தின் கேமராவில் எடுத்த கண் படங்கள் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போயின. நேரில் வர வேண்டுமா என்பதை மருத்துவர்கள் பார்த்துச் சொன்னார்கள்.

செல்போன் கட்டணம் சரிந்து, பிராட்பேண்டின் வேகமும் ஏறிய பின் 70 கிலோபிட்டுக்கு மவுசு குறைந்தது. ஊர்ப்புற மையங்களும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

கருவியையே அளக்கவிடும் முறை மட்டும் பெரிய செல்போன் வலைகளிலும் வேறு வடிவில் இடம்பெற்றது. 2008இல் முடிவான எல்.டி.இ. தரத்தின் முதல் வெளியீட்டிலேயே, அண்டை டவர்களின் பட்டியலைத் தானே நிரப்பும் தானியங்கி அமைப்பு சேர்க்கப்பட்டது. பட்டியலில் இல்லாத டவர் ஒன்றின் சிக்னல் கிடைத்தால் செல்போன் தன் பேஸ் ஸ்டேஷனுக்குத் தெரிவிக்கும்; அந்த டவரின் முழு அடையாளத்தைப் படித்துச் சொல்லும்படி பேஸ் ஸ்டேஷன் கேட்கும்; பதில் வந்ததும் அண்டைப் பட்டியலில் தானே சேர்த்துக்கொள்ளும். மொத்தமுள்ள 504 செல் அடையாள எண்களில், பக்கத்து டவரோடு மோதாத ஒன்றைத் தேர்வதற்கும் இத்தகைய வழி உண்டு. ஒருகாலத்தில் பொறியாளர் கையால் நிரப்பிய அண்டைப் பட்டியலை இன்று பெரும்பாலும் சந்தாதாரர்களின் செல்போன்கள் தரும் அளவுகளே நிரப்புகின்றன. டவரை எங்கே, எவ்வளவு உயரத்தில் நிறுத்துவது என்பதை மட்டும் இன்னும் ஆள்தான் தீர்மானிக்கிறார்.