ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ இல்லாமல் செயலி உருவாக்குவது எப்படி?

ஆண்ட்ராய்டு செயலிகளை உருவாக்கப் பயன்படும் 'ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ' மென்பொருளுக்குக் குறைந்தது 8 ஜிபி ரேம் தேவை. அந்த வசதி இல்லாத கணினி வைத்திருப்போர், கூகுள் இலவசமாக வழங்கும் கட்டளை வரிக் கருவிகளைக் கொண்டு அந்தச் சுமையைக் குறைக்கலாம்.

ஜாவா மேம்பாட்டுத் தொகுப்பை நிறுவிய பின், 'எஸ்டிகே மேனேஜர்' மூலம் தேவையான கோப்புகளைப் பதிவிறக்க வேண்டும். செயலிக்கான நிரலை 'கிரேடில்' கருவி ஏபிகே கோப்பாக மாற்றித் தரும். அதை யுஎஸ்பி வழியே கைப்பேசியில் நிறுவுவது 'ஏடிபி' கருவி. செயலி இயங்கும்போது நேரும் பிழைகளை 'லாக்கேட்' காட்டும்.

இதற்கு, கைப்பேசி அமைப்புகளில் 'பில்டு எண்' மீது 7 முறை தட்டி, டெவலப்பர் தெரிவுகளில் 'யுஎஸ்பி டீபக்கிங்' வசதியை இயக்க வேண்டும்.

அனுமதி பெற்ற கணினியால் கைப்பேசியில் செயலிகளை நிறுவவும், கோப்புகளை நகலெடுக்கவும் முடியும். எனவே, சொந்தக் கணினிக்கு மட்டும் அனுமதி அளிப்பதும், பணி முடிந்ததும் இவ்வசதியை அணைப்பதும் அவசியம்.

சோதனைக்காக உருவாக்கிய கோப்பை பிளே ஸ்டோர் ஏற்காது. அங்கு வெளியிடும் புதிய செயலிகள், 2021 ஆகஸ்ட் முதல் ஏஏபி வடிவில் இருப்பது கட்டாயம். அதையும் கிரேடில் மூலமே உருவாக்கலாம்.