துகிலும் துயரும்: கடல் கடந்த கூத்திசை

பட்டுத்தறிகளுக்குப் பெயர்பெற்ற பிள்ளையார்பாளையத்தை உள்ளடக்கிய காஞ்சிபுரமும் அதனைச் சூழ்ந்த தொண்டை மண்டலச் சிற்றூர்களும் கட்டைக்கூத்து செழித்த நிலப்பகுதியாகும். முடி, புயம், மார்பு ஆகிய இடங்களில் கலைஞர் அணியும், எடை குறைந்த மரத்தாலான அணிகளைக் 'கட்டை' என்பர். அவற்றால் பெயர்பெற்ற இக்கலை தெருக்கூத்து என்றும் வழங்குகிறது. திரௌபதி அம்மன் கோயில்களின் பாரத விழாவில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நிகழ, துரியோதனனின் மண்ணுருவம் கிடத்தப்படும் படுகளமும் தீமிதியும் விழாவை நிறைவு செய்யும்.

இவ்விழாவில் வழிபாட்டையும் அழுகையையும் பிணைப்பது இசையே. நாகசுரத்தைப் போன்று சீவாளி பொருத்திய, அளவில் சிறிய குழற்கருவியான முகவீணை உச்சச் சுருதியில் ஒலிக்க, மத்தளமும் தாளமும் ஆட்டத்தை நடத்த, நடிகர் பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர் திருப்பிப் பாடுவதால், ஒருவரின் புலம்பல் பலரின் குரலாகிறது. துகிலுரியும் காட்சியில் துச்சாதனனாக வேடமிட்டவர் திரௌபதியின் முந்தானையைத் தொடுமுன் கற்பூரம் ஏற்றி வணங்குவதும், வேடதாரிக்கும் பார்ப்போருக்கும் அருள் வருவதும் உண்டு. அந்நேரத்தில் மேடையில் நிற்பவர் அவமானப்படுத்தப்பட்ட பெண்ணாகவும் அம்மனாகவும் ஒருங்கே கொள்ளப்படுவதால், அவரது முறையீடு வேண்டுதலாகவும் அமைந்துவிடுகிறது.

இக்கூத்து கடல் கடந்தும் சென்றது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் இன்றைய தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலுள்ள டர்பனை அடைந்ததிலிருந்து 1911 வரை ஏறத்தாழ 1,52,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறியவர்கள். செங்கற்பட்டு, வட ஆர்க்காடு மாவட்டத்தாரும் அவர்களுள் இருந்தனர். கரும்புத் தோட்டங்களை ஒட்டி மாரியம்மனுக்கும் திரௌபதி அம்மனுக்கும் எழுந்த கோயில்களோடு தீமிதியும் தெருக்கூத்தும் அங்கே வேரூன்றின. அக்கூத்தை அந்நாட்டு இந்தியர் ஆங்கிலத்தில் 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று குறிப்பிடலாயினர். நாடிழந்து காடேகிய பாண்டவரின் கதை, ஊரைப் பிரிந்து ஒப்பந்தத்திற்குக் கட்டுண்டவர்களுக்குத் தம் கதையாகவே ஒலித்திருக்கக்கூடும். காலப்போக்கில் தமிழ் அங்கே வீட்டுமொழி என்னும் இடத்தைப் பெரிதும் இழந்தபோதிலும், வழிபாட்டிலும் பாட்டிலும் அது தங்கியது.

தாயகத்தில், காஞ்சிபுரத்தைச் சார்ந்து 1990-இல் தோன்றிய கட்டைக்கூத்துச் சங்கம் பின்னர்ப் புஞ்சரசந்தாங்கலில் குருகுலம் நடத்தி, ஆண்களே ஆடிவந்த இக்கலையைப் பெண் பிள்ளைகளுக்கும் கற்பித்தது. பக்தி ஒருபுறம், துயரம் மறுபுறம் எனப் பிரித்து இக்கூத்திசையை மதிப்பிடுவது பொருந்தாது. அழுகையையே வழிபாடாக ஏற்றுக்கொண்டதே இதன் தனித்தன்மை.