மொஹினேர் கோராகுலி: கல்கத்தாவின் ஏழு குதிரைகள்

சென்ற வாரம் மூன்ஸ்டோன்ஸ் குழுவைப் பார்த்தோம். கிளாரன்ஸ் விஜேவர்தனவும் அனஸ்லி மாலேவனவும் மின்கிட்டாரைச் சிங்களப் பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். இலங்கை வானொலி அவர்களைக் கைதூக்கிவிட்டது. கண்டியிலிருந்து மாத்தளை போகும் வீதியில் அலவத்துகொட வரைக்கும், சிங்களம் பேசாத வீடுகளில்கூட அந்த மெட்டுகள் ஒலித்தன. ஏறக்குறைய பத்தாண்டு கழித்து இதே முயற்சியில் இறங்கிய கல்கத்தா இளைஞர்கள் ஏழு பேருக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

அவர்களின் தலைவர் கௌதம் சட்டோபாத்யாய். பிரசிடென்சி கல்லூரி மாணவர். 'தி அர்ஜ்' என்ற குழுவோடு பார்க் ஸ்ட்ரீட் உணவகங்களில் ஆங்கிலப் பாட்டு வாசித்தவர். நக்சல்பாரி அலை அவரையும் இழுத்தது, சிறை சென்றார். விடுதலையான பின் சில காலம் வங்கத்துக்கு வெளியே வாழ்ந்தார். திரும்பி வந்தபோது அவர் மனத்தில் இருந்தது வங்க மொழிப் பாட்டு மட்டுமே.

1975இல் குழு பிறந்தது. ஜீவனானந்த தாஸின் கவிதையொன்றில் வரும் 'மொஹினேர் கோராகுலி', அதாவது மஹீனின் குதிரைகள், அதற்குப் பெயராயின. சகோதரர்கள் விஸ்வநாத், பிரதீப், உறவினர் ரஞ்சன் கோஷால், வயலினுக்கு ஆபிரகாம் மஜும்தார், இவர்களுடன் தபஸ் தாஸ், தபேஷ் பந்தோபாத்யாய். நாக்தலாவில் இருந்த கௌதமின் வீடுதான் ஒத்திகைக் கூடம்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே மேற்கே 'சைக்கடெலிக்' இசைக்காரர்கள் சித்தாரைத் தேடி ஓடிக்கொண்டிருந்தார்கள். 1967இல் வெளியான பாப் டிலனின் இசைத்தட்டு அட்டையில் வங்கத்து நாடோடிகளான பாவுல் பாடகர்கள் இருவர் அவரோடு நிற்கிறார்கள். உலகமே கவனித்த அந்தப் பாவுல் மரபு கௌதமின் சொந்த மண்ணில் இருந்தது. பாவுல் மெட்டையும் ஜாஸையும் ராக்கையும் அவர் ஒன்றாகக் குழைத்தார். 'ஹாய் பாலோபாஷி' என்ற பாட்டில் தமக்குப் பிடித்தவற்றை வரிசையாகச் சொல்லிப் போகிறார்கள். பிக்காசோ, பீட்டில்ஸ், டிலன், பீத்தோவன் வருகிறார்கள். ரவிசங்கரும் அலி அக்பரும் அவர்களுக்குப் பக்கத்திலேயே வருகிறார்கள். கேட்பவருக்கு யாரும் அந்நியராகத் தோன்றுவதில்லை. அந்தத் தலைமுறையின் மனம் முழுவதும் அந்த ஒரு பாட்டில் இருக்கிறது.

1977, 1978, 1979 என ஆண்டுக்கொன்றாக மூன்று சிறிய இசைத்தட்டுகள் வந்தன. ஸ்டார் தியேட்டர், மாக்ஸ் முல்லர் பவன், ரவீந்திர சதன் என்று மேடையேறினார்கள். 1980இல் கல்கத்தா சர்வதேச ஜாஸ் விழாவிலும் வாசித்தார்கள். ஆனால் ரவீந்திர சங்கீதத்திலும் சினிமாப் பாட்டிலும் ஊறிய காதுகளுக்கு இது ஒட்டவில்லை. 1981இல் குழு கலைந்தது. ஆளுக்கொரு பிழைப்பைத் தேடிப் போனார்கள். கௌதம் சினிமா பக்கம் போனார். அவருடைய 'நாக்மோதி' தேசிய விருது பெற்றது.

1995இல் அவர் இளம் பாடகர்களைச் சேர்த்து 'ஆபார் போச்சோர் குரி போரே' என்ற தொகுப்பை வெளியிட்டார். கல்லூரிப் பிள்ளைகள் அந்தப் பாட்டுகளை மனப்பாடமாகப் பாடத் தொடங்கினார்கள். வங்க ராக் குழுக்கள் புற்றீசலாய்க் கிளம்பின. 1999இல் கௌதம் மறைந்தார். அந்தத் தொகுப்பிலிருந்த மெட்டு ஒன்று 2006இல் 'கேங்ஸ்டர்' இந்திப் படத்தில் 'பீகி பீகி' ஆகி இந்தியா முழுக்க ஒலித்ததைக் கேட்க அவர் இல்லை.

இந்த வரலாற்றை மலையகத்து இளைஞர்கள் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. நம் லயங்களில் தப்பு மேளம் இருக்கிறது. மாசியில் காமன் கூத்து நடக்கிறது. கிட்டார் வைத்திருக்கும் பிள்ளை அந்தத் தப்புக்காரரிடம் போய் உட்கார்ந்து கற்க வேண்டும். வீட்டில் வாசிப்பதைப் பதிந்தும் வைக்க வேண்டும். உடனே கைதட்டல் கிடைக்காமல் போகலாம். ஆனால் கல்கத்தாவில் இருபது வருடம் கழித்துப் பிள்ளைகள் பாடியது, மூன்று சிறிய தட்டுகளாவது மிச்சமிருந்ததால்தான்.

அடுத்த வாரம் யாழ்ப்பாணத்துப் பொப்பிசை: நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும்.

(தொடரும்)