ஸ்காட்ச் ஆட்டம் யாருடையது?

சதுரங்க சங்கங்கள் சிநேக முறையில் பந்தயம் வைத்துக்கொள்ளும்போது ஒரு விநோதமான ஏற்பாடு செய்துகொள்வதுண்டு. முதல் சில நகர்த்தல்கள் இன்னவைதாம் என்று முன்கூட்டியே பேசி முடித்துவிடுவார்கள். எல்லாப் பலகைகளிலும் ஒரே தொடக்கம். 'ஆரம்பத்தையே பேசி வைத்துக்கொண்டால் அப்புறம் ஆட்டத்தில் என்ன ருசி?' என்று கேட்கத் தோன்றும். முகூர்த்தம் குறித்ததோடு குடித்தனம் முடிந்துவிடுகிறதா, என்ன? சாமர்த்தியமெல்லாம் அதற்குப் பிறகுதானே வேண்டியிருக்கிறது!

இப்படி ஒப்புக்கொண்டு ஆடத் தகுந்த தொடக்கங்களில் ஒன்று 'ஸ்காட்ச் ஆட்டம்'. இரு தரப்பாரும் ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்துகிறார்கள். வெள்ளை, ராஜா பக்கத்துக் குதிரையை வெளியே கொண்டுவருகிறது. கறுப்பு, ராணி பக்கத்துக் குதிரையைக் கொண்டுவருகிறது. உடனே வெள்ளை, ராணிக்கு முன்னுள்ள சிப்பாயையும் இரண்டு கட்டம் தள்ளிச் சண்டைக்கு இழுக்கிறது. அவ்வளவுதான். இந்த மூன்று அடிக்கு ஸ்காட்லாந்தின் பெயர் வந்த கதை சுவாரசியமானது.

1824-ல் லண்டன் சங்கத்துக்கும் எடின்பரோ சங்கத்துக்கும் தபால் மூலம் பந்தயம் ஆரம்பமாயிற்று. லண்டன் சங்கத்துக்கு அப்போது வயது 17. எடின்பரோ சங்கமோ பிறந்து இரண்டே வருஷமான குழந்தை. ரெயில் இல்லாத காலம். ஒவ்வொரு நகர்த்தலும் கடிதத்தில் ஏறிக் குதிரை வண்டியில் சுமார் 400 மைல் பிரயாணம் செய்தாக வேண்டும். ஐந்து ஆட்டங்கள் முடிவதற்குள் 1828 பிறந்துவிட்டது.

ஓர் ஆட்டத்தில் இந்தத் தொடக்கத்தை முதலில் கையாண்டது ஸ்காட்லாந்துக்காரர்கள் அல்ல, லண்டன்காரர்கள்! அவர்களை அதற்கு இணங்க வைத்தவர் ஜான் காக்ரேன். ஆனால் ஆட்டம் நடந்துகொண்டிருக்கையிலேயே அவர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். நல்ல நிலையில் இருந்த ஆட்டத்தை மற்றவர்கள் கோட்டைவிட்டார்கள். எடின்பரோக்காரர்கள் ஜயித்ததோடு நிற்கவில்லை. தங்களை எதிர்த்து வந்த ஆயுதத்தையே எடுத்து லண்டனின் மேல் திருப்பினார்கள். முடிவில் எடின்பரோவுக்கு இரண்டு வெற்றி, லண்டனுக்கு ஒன்று. இரண்டு ஆட்டங்கள் சமன். பந்தயப் பொருளான வெள்ளிக் கிண்ணம் வடக்கே போயிற்று. தொடக்கத்தின் பெயரும் கூடவே போயிற்று.

இத்தனைக்கும் லண்டனும் அதற்குத் தனி உரிமை கொண்டாட முடியாது. எர்க்கோலே தெல் ரியோ என்ற இத்தாலியர் 1750-லேயே தம் நூலில் அதைச் சொல்லியிருக்கிறார். சொன்னவர் ஒருவர், ஆட வைத்தவர் ஒருவர், பெயர் பெற்றவர்கள் வேறு சிலர். இதை அநியாயம் என்று சொல்லலாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொடக்கம் இரு தரப்புக்கும் பொதுச் சொத்து. அதைக் கடைசிவரை கொண்டு செலுத்துகிறவனுக்குத்தான் உலகம் பட்டா எழுதிக் கொடுக்கிறது.

காக்ரேனையும் சரித்திரம் கைவிட்டுவிடவில்லை. கல்கத்தாவில் வக்கீலாக இருந்த அவருக்கு மகேஷ் சந்திர பானர்ஜி என்ற வங்காளியின் நட்பு கிடைத்தது. இருவரும் எத்தனையோ ஆட்டங்கள் ஆடினார்கள். 1848-ல் அவருக்கு எதிராகக் காக்ரேன் ஒரு குதிரையைத் துணிந்து பலி கொடுத்தார். அந்த முறை இன்றைக்கும் 'காக்ரேன் காம்பிட்' என்றே வழங்குகிறது. பானர்ஜி கையாண்ட தற்காப்பு முறைகளோ 'இந்தியத் தற்காப்பு' என்ற பெயருக்கு வழி காட்டின.

ஸ்காட்ச் ஆட்டமும் பிற்பாடு மங்கிக் கிடந்து, 1990-ல் உலகப் பட்டத்துக்கான போட்டியில் கார்ப்போவுக்கு எதிராகக் காஸ்பரோவ் கையில் எடுத்தபோது மீண்டும் பிரகாசித்தது. 1824-ல் தபால் வண்டியில் போன அதே மூன்று அடிகள்தாம். நாலாவது அடிக்குப் பிறகுதான் காஸ்பரோவ் காஸ்பரோவாக இருந்தார்.