துணி வெட்டின பிளேடு, புல் வெட்ட வந்த கதை

இந்த எபிசோடை எங்க மாமாவோட கையில இருந்து ஆரம்பிக்கிறேன்.

மாமா, அதாவது அம்மாவோட தம்பி, திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில இருபது வருஷம் கட்டிங் மாஸ்டரா இருந்தவர். அடுக்கி வெச்ச துணியை மின்சாரக் கட்டிங் மெஷின்ல வெட்டுற வேலை. அந்த வேலைக்கு இடது கையில இரும்பு வளையம் கோத்த கையுறை ஒண்ணு போடணும். வெயில் காலத்துல கை வெந்து போகும்னு சொல்வார். ஆனா ஒரு நாள்கூட அதைக் கழட்டி வெச்சதில்ல. இருபது வருஷமும் பத்து விரலும் பத்திரமா இருந்துச்சு.

அப்புறம் சொந்த ஊரான தாராபுரத்துக்கே திரும்பி வந்தார். பக்கத்துல ஒரு கல்லூரி மைதானத்தைப் பராமரிக்கிற வேலை. உட்கார்ந்து ஓட்டுற புல்வெட்டும் வண்டி ஒண்ணு கொடுத்தாங்க. ரெண்டாவது வருஷம், ஐப்பசி மழையில, வலது கையில ரெண்டு விரலோட நுனி போயிடுச்சு.

இருபது வருஷம் அவ்வளவு கவனமா இருந்த மனுஷன் இங்கே எப்படி ஏமாந்தார்? இந்தக் கேள்வியோடதான் நான் புல்வெட்டும் இயந்திரத்தோட வரலாற்றைப் படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதும் தூக்கிவாரிப் போட்டுச்சு. மாமா விட்டுட்டு வந்த தொழிலும், அவர் போய்ச் சேர்ந்த வண்டியும் ஒரே குடும்பம்.

இங்கிலாந்துல குளோஸ்டர்ஷயர்னு ஒரு மாவட்டம். அங்கே ஸ்ட்ரவுட்னு ஒரு ஊர். 1800-களோட தொடக்கத்துல அது ஒரு குட்டித் திருப்பூர்னு வெச்சுக்கோங்க. பருத்திக்குப் பதிலா கம்பளி. ராணுவச் சீருடைக்கான சிவப்புத் துணி, பில்லியர்ட்ஸ் மேசைக்கான பச்சைத் துணி எல்லாம் அங்கிருந்துதான் போச்சு. நெய்த கம்பளித் துணியை முள் காய்களால கீறி, நூலோட முடியை மேலே எழுப்புவாங்க. அப்புறம் அந்த முடியை ஒரே உயரத்துக்குக் கத்தரிக்கணும். அப்பதான் துணி வழுவழுன்னு வரும். முதல்ல இதைப் பெரிய பெரிய கத்தரிக்கோலால கையிலேயே செஞ்சாங்க. அந்த வேலையை இயந்திரம் பிடுங்கினப்போ, யார்க்ஷயர்ல 1812-ல தொழிலாளர்கள் இயந்திரங்களையே அடிச்சு நொறுக்கினாங்க. லட்டைட்டுகள்னு கேள்விப்பட்டிருப்பீங்களே, அவங்கதான்.

1815-ல ஸ்ட்ரவுட் பக்கத்துல இருக்கிற பிரிம்ஸ்கோம்ப்ல ஜான் லூயிஸ்னு ஒருத்தர், சுழலும் உருளையில பிளேடுகளைச் சுருளாகச் சுத்திவிட்டு, துணி முடியைக் கத்தரிக்கிற இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதே பகுதியில மில் இயந்திரங்களோட வேலை பார்த்துக்கிட்டிருந்தவர் எட்வின் பியர்ட் பட்டிங். துணியில எழும்பி நிற்கிற முடியும் தரையில எழும்பி நிற்கிற புல்லும் அவர் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிஞ்சிருக்கு. 1830 ஆகஸ்ட் 31-ம் தேதி, புல்தரையைக் கத்தரிக்கிற இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கிட்டார். ஆள் இல்லாத ராத்திரியிலதான் ஓட்டிப் பார்த்தார்னு அந்த ஊர்ல ஒரு கதை உண்டு.

இன்னைக்கும் திருப்பூர் பக்கம் ஃபிளீஸ் துணிக்கு, அதாவது குளிர்காலத்துக்குப் போடுற ஹூடி துணிக்கு, முடி எழுப்பி ஷியரிங் செய்றாங்க இல்லையா? அந்த ஷியரிங் மெஷின்ல சுத்துற சுருள் பிளேடும், கிரிக்கெட் பிட்ச்ல தள்ளிக்கிட்டுப் போற புல்வெட்டியோட சுருள் பிளேடும் அண்ணன் தம்பி.

சரி, பட்டிங்கோட இயந்திரத்துல ஆள் எப்போ உட்கார்ந்தார்? முதல்ல ஒருத்தர் தள்ள, இன்னொருத்தர் இழுப்பார். 1840-களில் குதிரை பூட்டினாங்க. குளம்பு புல்லைக் கெடுக்கக் கூடாதுன்னு குதிரைக்குத் தோல் பூட்ஸ் மாட்டினாங்க! 1893-ல லங்காஷயர்ல லேலண்டுங்கிற ஊர்ல ஜேம்ஸ் சம்னர் நீராவியில ஓடுற புல்வெட்டியைச் செஞ்சார். லேலண்ட்! அதே சம்னர் 1896-ல கூட்டாளியோட தொடங்கின கம்பெனிதான் பின்னாடி லேலண்ட் மோட்டார்ஸ் ஆச்சு. நம்ம அசோக் லேலண்ட் பேர்ல இருக்கிற லேலண்ட் அதுதான். தாராபுரம் பஸ் ஸ்டாண்டுல நிக்கிற பஸ்ஸுக்கும் புல்வெட்டிக்கும் இப்படி ஒரு சொந்தம் இருக்கும்னு நான் நினைச்சே பார்க்கல. 1902-ல ரான்சம்ஸ் கம்பெனி பெட்ரோல் என்ஜின் வெச்சதை விற்பனைக்குக் கொண்டு வந்துச்சு. என்ஜின் வந்த பிறகு சீட்டும் வந்துச்சு.

இதுவரை இயந்திரத்தோட கதை. இனி விதிகளோட கதை. எனக்கு முக்கியம் இதுதான்.

துணி மில்லுல கை போச்சு, தலைமுடி சிக்குச்சு, குழந்தைகள் செத்தாங்க. அதனால 1844-ல பிரிட்டன்ல ஒரு தொழிற்சாலைச் சட்டம் வந்துச்சு. சுத்துற பாகங்களுக்கு வேலி போடணும். ஓடிக்கிட்டிருக்கிற இயந்திரத்தைக் குழந்தைகளை விட்டுத் துடைக்கக் கூடாது. இந்தியாவுல முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-ல வந்துச்சு. சுதந்திரத்துக்கு அப்புறம் 1948-ல வந்த சட்டத்துல 21-ம் பிரிவு இயந்திரத்துக்கு வேலி போடுறது பத்தி. 22-ம் பிரிவு, ஓடுற இயந்திரத்துக்குப் பக்கத்துல யார் வேலை செய்யலாம், என்ன உடுத்தியிருக்கணும்ங்கிறது பத்தி. உடம்பை ஒட்டின துணிதான் போடணும்னு அந்தச் சட்டமே சொல்லுச்சு. மாமாவோட இரும்புக் கையுறைக்குப் பின்னாடி நூறு வருஷத்துக்கும் மேலான ரத்தம் இருக்கு.

ஆனா புல்வெட்டி மில்லோட கேட்டைத் தாண்டி வெளியே போயிடுச்சு. தோட்டத்துக்கும் வீட்டு முற்றத்துக்கும் மைதானத்துக்கும் போச்சு. அங்கே சூப்பர்வைசர் கிடையாது, ஆய்வாளர் கிடையாது. பிளேடு போன ஊருக்கு விதி போகல.

அதுக்குள்ள பிளேடும் மாறிடுச்சு. பட்டிங்கோடது கத்தரிக்கோல் மாதிரி வெட்டும். இன்னைக்கு நாம பார்க்கிற பெரிய வண்டிகள்ல பெரும்பாலும் இருக்கிறது ஃபேன் மாதிரி கிடைமட்டமா சுத்துற பிளேடு. அது வேகத்தால அடிச்சு வெட்டும். பிளேடு முனையோட வேகத்துக்கு அமெரிக்கத் தரவிதி வெச்ச உச்சவரம்பு நிமிஷத்துக்கு 19,000 அடி. கணக்குப் போட்டுப் பாருங்க, மணிக்கு கிட்டத்தட்ட 347 கிலோமீட்டர். அதுல ஒரு ஜல்லிக்கல் மாட்டினா அது கல்லு இல்ல, குண்டு.

அமெரிக்காவுல விரலும் பாதமும் போய்ப் போய், கடைசியா 1982-ல ஒரு கட்டாய விதி வந்துச்சு. நடந்து தள்ளுற புல்வெட்டியில கைப்பிடியை விட்டா 3 விநாடியில பிளேடு நிக்கணும். பட்டிங்கோட காப்புரிமைக்கு 152 வருஷம் கழிச்சு! உட்கார்ந்து ஓட்டுற வண்டி அந்த விதிக்குள்ள வரல. அதுக்குத் தொழில்துறை தானா ஒத்துக்கிட்ட தரவிதிகள்தான். அப்படி வந்ததுதான் சீட் சுவிட்ச். பிளேடு ஓடும்போது ஆள் சீட்டை விட்டு எழுந்தா என்ஜின் அணைஞ்சிடும்.

மாமா வண்டியிலயும் அந்த சுவிட்ச் இருந்துச்சு. மைதானத்துல கல்லு பொறுக்க, தென்னை மட்டை எடுக்கன்னு ஒரு நாளைக்கு அம்பது தடவை இறங்கணும். “எந்திரிச்சா எந்திரிச்சா நின்னு போகுது கண்ணு, வேலையே ஓடமாட்டீங்குது”ன்னு ஒரு மெக்கானிக்கிட்ட சொல்லியிருக்கார். அவர் சுவிட்சை வேலை செய்யாம பண்ணிக் கொடுத்துட்டார்.

அன்னைக்கு மழை ஈரத்துல புல் அடைச்சுக்கிச்சு. மாமா பிளேடு பட்டனை அமுக்கிட்டதாவே நினைச்சுக்கிட்டு இறங்கினார். பட்டன் மேலேயே இருந்துச்சு. புல்லை வெளியே தள்ளுற வாய்க்குள்ள கையை விட்டார்.

“கட்டிங் மெஷின்ல பிளேடு கண்ணு முன்னாடி நிக்கும். பயமா இருக்கும். இதுல ஒண்ணுமே தெரியாது கண்ணு. தகரத்துக்கு அடியில சுத்துது, புல்லு வாசம்தான் வருது.” ஆஸ்பத்திரியில அவர் சொன்னது இதுதான்.

நம்ம ஊருக்கு இது புதுசுங்கிறதும் ஒரு காரணம். தாராபுரம், காங்கேயம், மூலனூர் பக்கமெல்லாம் கொறங்காடு தெரியுமா? முள்ளுக் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்க வெள்வேல மரம். புல்லை மேய்ஞ்சு மட்டமா வெச்சது காங்கேயம் மாடும் மேச்சேரி ஆடும். மாட்டோட எப்படிப் பழகணும்னு நமக்குத் தலைமுறை தலைமுறையா தெரியும். கொம்பு எங்க இருக்குன்னு கண்ணுக்குத் தெரியும். இந்த வண்டியோட கொம்பு கண்ணுக்குத் தெரியாது.

வயல் இயந்திரத்துக்கு இந்தியாவுல சட்டமே இல்லையான்னு கேட்பீங்க. இருக்கு. கதிரடிக்கிற மெஷின்ல விவசாயக் கூலிகளோட கை போறதைப் பார்த்து, 1983-ல ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்துச்சு. கை போனவங்களுக்கு இழப்பீடும் அதுல உண்டு. ஆனா அந்தச் சட்டத்தோட மையம் கதிரடிக்கிற மெஷின்தான். கல்லூரி மைதானத்துல புல் வெட்டுறவர் அதை எழுதினவங்க மனசுல இருந்திருக்க மாட்டார்.

மாமா இப்பவும் அதே வேலையிலதான் இருக்கார். முதல்ல செஞ்சது, சீட் சுவிட்சைத் திரும்ப மாட்டினது. காலையில வண்டியை எடுக்கிறதுக்கு முன்னாடி மைதானம் முழுக்க நடந்து கல்லு, கம்பி, மட்டை எல்லாத்தையும் பொறுக்கிடுவார். அதனால நடுவுல இறங்குற வேலையே குறைஞ்சு போச்சு. சுவிட்சைப் பிடுங்காமலே முடிஞ்சிருக்க வேண்டிய பிரச்சினை! பசங்க விளையாடிக்கிட்டிருந்தா வண்டியை எடுக்கவே மாட்டார். மடியில யாரையும் உட்கார வைக்க மாட்டார். பின்னாடி போகணும்னா பிளேடை நிறுத்திட்டு, திரும்பிப் பார்த்துட்டுத்தான் போவார்.

மைதானத்தோட ஒரு ஓரம் வாய்க்கால் பக்கமா சரியும். பல கம்பெனிகளோட கையேடு 15 டிகிரி சரிவைத் தாண்டாதேன்னு சொல்லுது. மாமா அந்த ஓரத்துல வண்டியையே விடுறதில்ல, கையில பிடிக்கிற மெஷினால வெட்டுறார். சீட்டுக்குப் பின்னாடி நிக்கிற வளைவுக் கம்பி, அந்த ரோல் பார், டிராக்டர்ல இருந்து வந்தது. டிராக்டர் கவிழ்ந்து ஆள் நசுங்கிச் சாகிறதைப் பார்த்து, புது டிராக்டர்ல அதைக் கட்டாயமாக்கின முதல் நாடு சுவீடன், 1959-ல. கம்பி நிமிர்ந்து இருந்தா பெல்ட் கண்டிப்பா போடணும். மரத்துக்கு அடியில போக அதை மடக்கினா பெல்ட் போடக் கூடாது. அப்போ கவிழ்ந்தா வண்டி நம்ம மேலதான் விழும், கட்டிப் போட்டுக்கிட்டு இருக்கக் கூடாது.

பராமரிப்புக்கு அவர்கிட்ட ஒரு வரிசை இருக்கு. பிளேடு நிறுத்து, பிரேக் போடு, என்ஜின் அணை, சாவியை எடுத்துப் பையில போடு, சுத்துறது முழுசா நிக்கிற வரைக்கும் காத்திரு. அதுக்கு அப்புறம்தான் இறங்கு. அடைப்பு எடுக்கக் குச்சி, கை இல்ல. பிளேடைக் கழட்டுறதுக்கு முன்னாடி ஸ்பார்க் பிளக் வயரைப் பிடுங்கு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில கை விடாதே, ஸ்டாண்டு வை. பிளேடைத் தீட்டினா ரெண்டு பக்கமும் எடை சமமா இருக்கான்னு பாரு, இல்லைன்னா அதிர்ந்து அதிர்ந்து தாங்கியைக் கெடுத்துடும். சூடான என்ஜின்ல பெட்ரோல் ஊத்தாதே. கோடையில சைலன்சர் பக்கத்துல சேர்ற காய்ஞ்ச புல்லைத் தினமும் எடு, நம்ம ஊர் வெயிலுக்கு அது பத்திக்கும்.

இந்த வரிசையைக் கேட்டப்போ எனக்கு 1844 ஞாபகம் வந்துச்சு. ஓடுற இயந்திரத்தைத் துடைக்காதே. அதே வரிதான், மில்லுல இருந்து மைதானத்துக்கு வந்து சேர இவ்வளவு காலம் ஆகியிருக்கு.

போன மாசம் மாமாவுக்கு உதவிக்கு ஒரு பையனைப் போட்டிருக்காங்க. முதல் நாளே அந்தப் பையன் கேட்டிருக்கான், “அண்ணா, இந்த சீட் சுவிட்சு தொல்லையா இருக்குதே, எடுத்துடலாமா?” மாமா பதில் ஒண்ணும் சொல்லல. வலது கையைக் காட்டிட்டு, கல்லு பொறுக்கக் கூடையை எடுத்துக் கொடுத்திருக்கார்.

உங்க காலேஜ்லயோ அபார்ட்மெண்ட்லயோ இந்த வண்டியை ஓட்டுறவர் ஒருத்தர் இருப்பார். அவர் வேலை செய்யும்போது கொஞ்சம் தள்ளியே நில்லுங்க. அவர் நிறுத்தி இறங்கி, சாவியை எடுத்து, மெதுவா வேலை செஞ்சா, “ஏன் இவ்வளவு லேட்டு”ன்னு மட்டும் கேட்காதீங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.